நேர்முகத் தேர்வுக்குப் போன பயணச் செலவு: கேட்டு வாங்கிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் படிப்பு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றியது இது. வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வங்கி, ரயில்வே, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் சனி, ஞாயிறுகளில் நூலகத்தில் கூடுவார்கள். ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்ட பழைய ஆட்கள் ஊருக்கு வரும்போது எட்டிப்பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும், ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் நிரந்தரமாக இருப்பார்கள். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், நேர்முகத் தேர்வு நடத்திய வங்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

அவருக்கு அப்போது 24 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்தவர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அப்பா இறந்துவிட்டார். அம்மா பீடி சுற்றுகிறார், தம்பி ஐ.டி.ஐ. படிக்கிறான். கல்லூரி முடித்ததும் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், படிப்புக்கு நேரமில்லை என்று அந்த வேலையை விட்டுவிட்டார். சாயங்காலம் மட்டும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இந்த 1,000 ரூபாய் பின்னால் ஒரு கேள்வியாக வந்து நிற்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரித் தேர்வில் பிரிலிம்ஸ், மெயின்ஸ் இரண்டையும் முதல் முயற்சியிலேயே தாண்டினார். விண்ணப்பம் போடும்போது பணம் பெரிய தடையாக இல்லை. பொதுப் பிரிவுக்கு 850 ரூபாய் இருந்த கட்டணம், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 175 ரூபாய்தான். எழுத்துத் தேர்வு மையங்களும் திருநெல்வேலி அளவில் முடிந்துவிட்டன. நேர்முகத் தேர்வுக்கு மட்டும் சென்னை போகவேண்டும்.

அழைப்புக் கடிதம் வந்த நேரம்

தை மாதம். தொடர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் சென்னை திரும்பும் வாரம். அந்த வாரத்தில் ஒரு காலை 9 மணிக்கு ஆஜராகச் சொல்லி அழைப்புக் கடிதம் இணையத்தில் வந்தது. கையில் பத்து நாள்கூட இல்லை.

சங்கரன்கோவில் வழியாகச் சென்னைக்குப் போகும் வண்டிகள் சில உண்டு. பொதிகை, கொல்லம் எக்ஸ்பிரஸ், வாரத்தில் சில நாள் ஓடும் சிலம்பு. எதிலும் இடமில்லை. பொதிகையில் காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டி நின்றது. ஆம்னி பஸ்களில் வழக்கமாக இருக்கும் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. ஒரு படுக்கைக்கு 1,800 ரூபாய் என்று செயலியில் காட்டியதை அவரே எங்களிடம் காட்டினார்.

வீட்டில் அப்போது 700 ரூபாய் இருந்தது. அடுத்த பீடிக் கூலி சனிக்கிழமை. அம்மா மகளிர் குழுவில் கேட்டுப் பார்த்தார். அந்த மாதத் தவணையே இரண்டு பேர் கட்டவில்லை என்பதால் புதுக் கடன் கிடையாது என்றார்கள். மிச்சம் இருந்தது தெருவில் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவர். பத்து வட்டி.

“அதான் போக்குவரத்துச் செலவைத் திருப்பிக் குடுத்துருவாங்களாமே சார், வட்டிக்கு வாங்கினாலும் வந்ததும் அடைச்சிரலாம்” என்றுதான் அந்தப் பெண் வந்து நின்றார். ஆம்னி பஸ்ஸில் போய்வர 3,600, கைச்செலவு கொஞ்சம், எல்லாம் வந்துவிடும் என்பது அவர் போட்டிருந்த கணக்கு.

எங்கெங்கே விசாரித்தோம்

பணம் கடன் வாங்கும் முன் ஒரு நாள் பொறு என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக விசாரித்தோம்.

உறவினர் ஒருவர், வேலையில்லாதவர் இன்டர்வியூவுக்குப் போனால் ரயிலில் சலுகை உண்டு, ஸ்டேஷனில் கடிதத்தைக் காட்டினால் போதும் என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அரசு, பொதுத்துறை வேலைகளின் நேர்முகத் தேர்வுக்குப் போகும் வேலையற்ற இளைஞர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை நெடுங்காலம் இருந்தது. ஆனால் 2020 மார்ச்சில், கொரோனாவை ஒட்டி, மாற்றுத்திறனாளிகளில் நான்கு வகையினர், நோயாளிகளில் பதினொரு வகையினர், மாணவர்கள் நீங்கலாக மற்றவர்களின் சலுகைகளை ரயில்வே நிறுத்திவிட்டது. மூத்த குடிமக்கள் சலுகை போனதைப் பற்றி ஊரே பேசியது. வேலையற்றோர் சலுகையும் அதே உத்தரவில் போனது பலருக்குத் தெரியாது. எங்கள் புக்கிங் கிளார்க் ஐயாதான் இதைச் சொன்னார். இல்லாவிட்டால் அந்தப் பெண் கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போய் ஒரு அரை நாளை இழந்திருப்பார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏதாவது கிடைக்குமா என்றும் பார்த்தோம். அங்கே இருப்பது வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300 ரூபாய். பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இவருடைய பட்டப்படிப்புப் பதிவுக்கு ஐந்து ஆண்டு ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அது பயணத்துக்கான பணம் இல்லை.

ஆக, மிச்சம் இருந்தது அழைப்புக் கடிதம் மட்டும்தான்.

கடிதத்தில் இருந்த அந்தப் பத்தி

நான்கு பக்கக் கடிதம். என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பக்கம். கைப்பேசி எடுத்துவரக் கூடாது என்பதுகூடத் தடித்த எழுத்தில் இருந்தது. பயணச் செலவைப் பற்றிய பத்தி கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளில் வழக்கமாக வரும் அதே வாசகம்தான்.

அதன் சாரம் இது: வெளியூரிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரர்களுக்குப் போகவும் வரவும் இரண்டாம் வகுப்புச் சாதாரண ரயில் அல்லது பஸ் கட்டணம் அல்லது உண்மையில் ஆன செலவு, இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். கணக்கு மிகக் குறுகிய வழிக்கு. டிக்கெட் போன்ற பயணச் சான்று காட்டவேண்டும். மத்திய, மாநில அரசு, கார்ப்பரேஷன், பொதுத்துறை நிறுவனம், உள்ளாட்சி, பஞ்சாயத்து போன்றவற்றில் ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கு இது கிடையாது.

இதைத் தலைமையாசிரியர் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேராக அந்தப் பெண்ணின் நிலையை ஒரு தாளில் எழுதச் சொன்னார். சாதி, வெளியூர் இரண்டிலும் சிக்கல் இல்லை. அடுத்ததில் கணக்கு இடித்தது. ஆம்னி பஸ்ஸுக்கு 3,600 கொடுத்தாலும் வங்கி தரப்போவது இரண்டாம் வகுப்புச் சாதாரண ரயில் கட்டணம்தான். முன்பதிவுக் கட்டணமோ, ஸ்லீப்பர் வித்தியாசமோகூட அதில் சேராது. புக்கிங் கிளார்க் ஐயா தன் பழைய பழக்கத்தில் கிலோமீட்டரைப் போட்டு, போகவர இரண்டும் சேர்த்தே 300 ரூபாயைத் தாண்டாது என்றார்.

“முந்நூறா?” என்று மட்டும் அந்தப் பெண் கேட்டார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

இந்தப் பத்தியைக் கடன் வாங்கும் முன்பே வாசித்ததுதான் இந்த நிகழ்வின் போக்கை மாற்றியது என்று நினைக்கிறேன். பத்து வட்டிக்கு 4,000 வாங்கியிருந்தால், வங்கிப் பணம் முழுதாக வந்தாலும் அது முதல் மாத வட்டிக்கே பத்தாது.

எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

முதலில், செலவையே குறைப்பது என்று முடிவானது. எப்படிப் போவது என்பதை ஐயா பார்த்துக்கொண்டார். சங்கரன்கோவிலிலிருந்து நேராக வண்டி இல்லையென்றால் மதுரைக்குப் போய்விடு என்றார் அவர். மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் வைகை பகல் நேர வண்டி, உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்புப் பெட்டிகள் நிறைய. இரவு வண்டியில் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்பதுதான் ஊர் திரும்புகிறவர்களின் முதல் எண்ணம். அதனால் பகல் வண்டியில் கடைசி வரை நாலு இடம் கிடக்கும். தேடினால் தேர்வுக்கு முந்தின நாள் வைகையில் இடம் இருந்தது. தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம். அங்கே பக்கத்தில் சித்தி வீடு. தங்கும் செலவை வங்கி எப்படியும் தராது என்பதால் அதுவும் முடிவானது.

திரும்பி வருவதற்கு, அதே நாள் இரவு எழும்பூரிலிருந்து பொதிகை. வாசிக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம், அதில் இடம் தாராளமாக இருந்தது. கூட்டம் முழுக்கச் சென்னையைப் பார்த்து வரும் வாரத்தில், தெற்கே போகிற வண்டி காலியாகத்தானே இருக்கும். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேர்முகத் தேர்வு நடக்கும் இடத்திலேயே பயணப்படிப் படிவத்தைக் கொடுக்கவேண்டி வரும். அப்போது கையில் திரும்பும் டிக்கெட் இல்லையென்றால், ‘பிறகு தபாலில் அனுப்புங்கள்’ என்பார்கள். தபாலில் அனுப்பியது எத்தனை பேருக்குப் பணமாக வந்தது என்று எங்கள் பழைய ஆட்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

அடுத்து முன்பணம். வேலைக்குப் போன பழைய ஆட்கள் மாதாமாதம் போட்டுவைக்கும் சிறு தொகை வட்டத்தில் இருந்தது, புத்தகம் வாங்குவதற்காக. அதிலிருந்து 1,500 ரூபாய் கொடுப்பது என்று முடிவானது. சும்மாவே கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பெண் ஒப்பவில்லை. கடனாக, நோட்டில் எழுதி, வட்டியில்லாமல். சரி என்று விட்டோம்.

நிறைய விவாதம் நடந்தது அந்த 1,000 ரூபாய் பற்றித்தான். படிவத்தில் ‘நான் அரசிலோ, உள்ளாட்சியிலோ பணியில் இல்லை’ என்று உறுதிமொழி எழுதவேண்டும். இல்லம் தேடிக் கல்வி அரசுத் திட்டம், பணம் அரசிடமிருந்து வருகிறது. அப்படியானால் இவர் பணியில் இருப்பவரா? வட்டத்தில் பாதிப்பேர், எழுதவே வேண்டாம், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், நாமே ஏன் வம்பை இழுத்துவைக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. 300 ரூபாய்க்காக, வேலையையே தரப்போகும் இடத்தில் ஒரு சந்தேகத்தைக் கிளப்ப யாருக்கும் மனம் வராது.

தலைமையாசிரியர் வேறு மாதிரி பார்த்தார். தன்னார்வலருக்கு நியமன ஆணை இல்லை, சம்பள விகிதம் இல்லை. ஊக்கத்தொகை வாங்குவதால் பணியில் இருப்பவர் ஆகிவிடமாட்டார். அதனால் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது தவறில்லை. ஆனால் நேர்முகத் தேர்வுக் குழு, ‘இப்போது என்ன செய்கிறாய்’ என்று கட்டாயம் கேட்கும். அங்கே இவர் பெருமையோடு சொல்லப்போவது இதைத்தான். உள்ளே ஒன்று சொல்லி, வெளியே படிவத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால்தான் அது வம்பு. ஆகவே உறுதிமொழிக்குக் கீழே ஒரே வரி: ‘இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர், மாத ஊக்கத்தொகை ரூ.1,000, பணி நியமனம் அன்று.’ இதைத் தனித் தாளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

கோப்பில் என்னென்ன இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு வேலைகளுக்கான வடிவத்தில் வாங்கிய சாதிச் சான்று, அதன் நகல் இரண்டு, அழைப்புக் கடிதத்தின் கூடுதல் நகல், இரண்டு ரயில் டிக்கெட்டின் அச்சு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸ், ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் இரண்டு. 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ரசீதுக்குத்தான் ஸ்டாம்ப் கட்டாயம். ஆனாலும் பழக்கத்தில் கேட்கிற ஆட்கள் உண்டு, அங்கே போய்ச் சட்டம் பேசுவதைவிட ஒரு ரூபாய் ஒட்டுவது சுலபம் என்று ஐயா வாங்கிக் கொடுத்தார்.

பயணமும் நேர்முகத் தேர்வு நாளும்

ஊரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு டவுன் பஸ். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அங்கே செலவு இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்குப் பின்னிரவுப் பஸ், தம்பி துணைக்கு மதுரை ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டு வந்தான். பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தோம். கண்டக்டரின் மெஷினில் வரும் அந்தச் சீட்டு வெயில் பட்டாலே வெளிறிவிடும். தாம்பரத்தில் இறங்கியதும் முதல் வேலையாக அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மின்சார ரயிலில் போய் நேரத்துக்கு ஆஜரானார். சான்றிதழ் சரிபார்ப்பு முடிய மதியம் ஆனது, நேர்முகத் தேர்வு அதற்குப் பிறகு. பயணப்படி என்ற பேச்சையே அங்கே யாரும் எடுக்கவில்லை. அறிவிப்புப் பலகையிலும் இல்லை. சரிபார்ப்பு மேசையில் இருந்தவரிடம் இவர் கேட்டபோது, அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டைப் பிரித்துப் படிவம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண், விழுப்புரம் பக்கத்தவர், “இது எல்லாருக்கும் உண்டா?” என்று கேட்டுத் தானும் ஒன்று வாங்கிக்கொண்டார். அவரிடம் திரும்பும் டிக்கெட் இல்லை. ஊருக்குப் போய் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். தேவக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பையன், ஆதரவாகப் பேசிய இவரிடமே, “கேட்டா இன்டர்வியூல மார்க் குறைச்சிருவாங்கக்கா, வேண்டாம்” என்று விலகிப்போனான்.

அந்தப் பையனின் பயத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பயணப்படிப் படிவத்தை வாங்குவது நிர்வாகப் பிரிவு. மதிப்பெண் போடுவது உள்ளே உட்கார்ந்திருக்கும் குழு. இரண்டும் வேறுவேறு என்று சொன்னாலும் நம்புவது கடினம், ஏனென்றால் இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில் நடக்கின்றன.

மேசைக்காரர் இவருடைய படிவத்தை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று கேள்வி வந்தது. ஒன்று, “ஏம்மா, சங்கரன்கோவில்னு போட்டிருக்கே, டிக்கெட்டு மதுரையிலிருந்து இருக்கு?” நேரடி வண்டியில் இடமில்லாததால் பஸ்ஸில் மதுரை வந்து ஏறியதாகச் சொல்லி, பஸ் சீட்டையும் ஜெராக்ஸையும் கொடுத்தார். சங்கரன்கோவில் முதல் சென்னை வரை நேரடி ரயில் பாதைக்கான கட்டணத்தைத்தான் போடுவோம் என்றார் அவர். இதை எதிர்பார்த்தே போயிருந்ததால் இவர் சரி என்றார். இரண்டு, ரெவென்யூ ஸ்டாம்ப். ஐயாவின் கணிப்பு பலித்தது. மூன்றாவது, அந்தத் தனித் தாள்.

அவர் அதை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். அந்தப் பத்து நிமிடம்தான் நாள் முழுக்க இருந்ததிலேயே மோசமான நேரம் என்று பிறகு சொன்னார் இவர், நேர்முகத் தேர்வைவிட. வெளியே வந்தவர், “நியமன ஆர்டர் ஏதும் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், தாளைப் படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணம் கையில் கிடையாது, கணக்கில் வரும் என்றார்கள்.

பெற்றுக்கொண்டதற்கான அந்தக் கையெழுத்து கேட்காமல் கிடைத்தது இல்லை. நகலை நீட்டி, “ஒரு அக்னாலெட்ஜ்மென்ட் போட்டுத் தாங்க சார்” என்று கேட்டு வாங்கியது.

பணம் வராத வாரங்கள்

ஒரு மாதம் போயிற்று. கணக்கில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மாதமும் பாதி தாண்டியது. 250 ரூபாய்க்கு இவ்வளவு நாளா என்று வட்டத்தில் சிலர் சலித்துக்கொண்டார்கள், விட்டுத்தள்ளு என்றார்கள். அந்தப் பெண்ணும் அந்த மனநிலைக்கு வந்திருந்தார். கடனை இதற்குள் அம்மாவின் பீடிக் கூலியிலிருந்து பாதி அடைத்துவிட்டார்.

விடவேண்டாம் என்று வற்புறுத்தியவர்களில் நானும் ஒருவன். தொகை அதற்குக் காரணமில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். அழைப்புக் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தோம். அது வேறு பிரிவு. அவர்கள் கொடுத்த எண்ணில் இருந்தவர் பொறுமையாகவே பேசினார். படிவத்தின் நகலைப் பார்த்துத் தேதியையும் விண்ணப்ப எண்ணையும் சொன்னதும் கணினியில் தேடிவிட்டு, “பணம் அனுப்பி, திரும்பி வந்திருக்கும்மா. ஐ.எஃப்.எஸ்.சி. தப்பு” என்றார்.

கோப்பில் இருந்த பாஸ்புக் ஜெராக்ஸ், கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கினுடையது. 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பத்து, நான்காக இணைக்கப்பட்டன அல்லவா, அப்படி இணைந்து மறைந்த வங்கி ஒன்றின் கணக்கு. கணக்கு புதிய வங்கியின் பெயரில் உயிரோடுதான் இருந்தது. பாஸ்புக்கில் அச்சாகியிருந்த பழைய ஐ.எஃப்.எஸ்.சி., அதாவது வங்கிக் கிளையைக் காட்டும் குறியீடு, செல்லாததாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஊக்கத்தொகை வேறொரு கணக்கில் வந்துகொண்டிருந்ததால் இவருக்கு அது தெரியவர வாய்ப்பே ஏற்படவில்லை.

பணம் திரும்பியதை வங்கி தானாகத் தெரிவிக்கவில்லை என்பதில் எனக்குக் கோபம் இருந்தது. படிவத்தில் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்களே. ஆனால் பேசிய ஊழியர் மேல் குறை சொல்ல முடியாது. புதிய பாஸ்புக் பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார், அனுப்பினோம், அடுத்த வாரமே பணம் வந்துவிட்டது. 250 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

விளைவு

அந்தப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவு பஸ், இரண்டு ரயில், சாப்பாடு, ஜெராக்ஸ், உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்க்குள் அடங்கியது. திரும்பக் கிடைத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆம்னி பஸ்ஸில் வட்டிக்கு வாங்கிப் போயிருந்தால் 4,000 போயிருக்கும், கிடைப்பது அதே 250தான்.

வேலை அந்த முறை கிடைக்கவில்லை. இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. மெயின்ஸ் மதிப்பெண் விளிம்பில் இருந்தது, அதற்கும் பயணப்படிக்கும் தொடர்பில்லை. அடுத்த சுற்றில் கிளார்க் தேர்வு எழுதினார். அதில் நேர்முகத் தேர்வே கிடையாது என்பதால் சென்னைப் பயணமும் இல்லை. தேர்வாகி, இப்போது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிளையில் காசாளராக இருக்கிறார். வட்டத்தின் நிதிக்கு மாதாமாதம் பணம் போடும் பழைய ஆட்களில் அவரும் ஒருவர்.

இதே வட்டத்தில் இன்னொரு பையனின் அனுபவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அவன் ரயில்வே தேர்வு எழுதினான். விண்ணப்பத்திலேயே இலவசப் பயணம் வேண்டும் என்று தெரிவித்துச் சாதிச் சான்றைப் பதிவேற்றியிருந்தான். தேர்வுக்குச் சுமார் பத்து நாள் முன்பு, தேர்வு ஊர் எது என்ற அறிவிப்போடு இலவசப் பயண அனுமதிச் சீட்டும் இணையத்தில் வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் முன்பதிவு கவுன்டரில் கொடுத்து ஸ்லீப்பர் டிக்கெட் வாங்கிக்கொண்டான். பயணத்தின்போது அசல் சான்றிதழ் கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அவன் கையிலிருந்து பணம் போகவே இல்லை. யு.பி.எஸ்.சி. குடிமைப்பணி ஆளுமைத் தேர்வுக்கும் பின்னால் திருப்பித் தருகிற முறைதான். ஆனால் அது சாதி வேறுபாடின்றி வெளியூர் விண்ணப்பதாரர் எல்லாருக்கும், மெயில், எக்ஸ்பிரஸ் வண்டியின் இரண்டாம் வகுப்பு அல்லது ஸ்லீப்பர் கட்டணம் வரை. மூன்றும் அரசு சார்ந்த ஆட்சேர்ப்புதான். கையில் 700 ரூபாய் இருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. பின்னால் தருகிற 250, முன்னால் புரட்டவேண்டிய 1,200க்கு வழி காட்டுவதில்லை. முன்பணம் எங்கிருந்து என்பதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் பயணப்படியைப் பற்றி யோசிக்க முடிகிறது.

இப்போது மாற்றிக்கொண்டிருப்பவை

மெயின்ஸ் முடிவு வந்த அன்றே, அழைப்புக் கடிதத்துக்குக் காத்திராமல், நேர்முகத் தேர்வு எந்த நகரத்தில் விழக்கூடும் என்று பார்த்து, போகும் வழி இரண்டு மூன்றை ஐயா எழுதிவைத்துவிடுகிறார். கடிதம் வந்ததும் முதலில் வாசிப்பது கடைசிப் பக்கம். புத்தக நிதியிலிருந்து பயண முன்பணத்தைத் தனியாகப் பிரித்து, ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை, வட்டியில்லாமல், வேலை கிடைத்த பின்னும் திருப்பலாம் என்று வைத்திருக்கிறோம். வங்கி தரும் பணத்தை நம்பி அதற்குத் தவணை வைப்பதில்லை.

பாஸ்புக் நகலை எடுக்கும் முன், அந்தக் கணக்குக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பார்க்கிறோம். யு.பி.ஐ. வழியாக அனுப்பினால் குறியீடு தப்பு என்பது தெரியாமல் போகலாம். அதனால் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. இரண்டையும் தட்டி நெஃப்ட் வழியாக அனுப்புகிறோம்.

தன்னார்வலர், தற்காலிகப் பணி, தொகுப்பூதியம் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. நியமன ஆணை உண்டா, யார் பெயரில் சம்பளம் வருகிறது என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுக்கிறோம். ஊராட்சி ஒன்றியத்தில் தொகுப்பூதியத்துக்கு கணினி இயக்குபவராக இருந்த ஒருவரை, போன முறை, படிவம் கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் கையில் நியமன ஆணை இருந்தது. ஆனாலும், எதையும் மறைக்காமல் எழுதி, மறுத்தால் சரி என்று ஏற்கும் மனம் இருந்தால் கொடுக்கலாம் என்றார் தலைமையாசிரியர். அவர் கொடுக்கவில்லை.

தேவக்கோட்டைப் பையன் மாதிரி ஒதுங்குகிறவர்களுக்காக, பழைய ஆட்களில் பயணப்படி வாங்கி வேலையும் கிடைத்த இரண்டு பேர் வந்து பேசுகிறார்கள். அவர்களுடைய படிவ நகலைக் காட்டுகிறார்கள், நகலின் மூலையில் வங்கிக்காரர் போட்ட கையெழுத்தோடு.